கொடுத்த கண் என்ன ஆயிற்று?

கண் தானம் செய்யுங்கள் என்று நமக்கு உபதேசம் செய்யாதவர்கள் இந்த நாட்டில் இல்லை. மந்திரி சொல்கிறார், நடிகர் சொல்கிறார், பஸ்ஸின் முதுகில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்டு 25 தொடங்கி செப்டம்பர் 8 வரை இதற்கென்றே ஒரு விழா நடக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். ஆயிரம் பேர் உறுதிமொழிச் சீட்டில் கையெழுத்துப் போட்டதாக மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. கையெழுத்துப் போட்டவர்களைவிடப் போடச் சொன்னவர்களே அந்தப் படத்தில் அதிகமாகத் தெரிகிறார்கள்.

இதையெல்லாம் நான் பரிகசிக்க வரவில்லை. செத்த பிறகு எரியப்போகிற, அல்லது புதையப்போகிற ஒன்றை உயிரோடிருக்கிற இன்னொருவனுக்குக் கொடு என்பதைவிட நியாயமான வேண்டுகோள் வேறு இருக்க முடியாது. ஆனால் கேட்கிறவனுக்கும் ஒரு கடமை உண்டல்லவா? கோயில் உண்டியல் என்றாலும் வருஷத்துக்கு ஒரு முறை திறந்து எண்ணிக் கணக்குச் சொல்கிறார்கள். கண்ணுக்கு மட்டும் கணக்கு எங்கே? இத்தனை கண்கள் வாங்கினோம் என்று மேடை போட்டுச் சொல்கிறவர்கள், வாங்கியதில் இத்தனை கண்கள் இன்னொருவர் முகத்தில் விழித்துக்கொண்டிருக்கின்றன என்று சொல்வதில்லையே, ஏன்?

நான் வைத்தியம் படித்தவன் அல்ல. கல்லூரியிலேயே இரண்டு வருஷத்துக்கு மேல் உட்காராதவன். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த விஷயத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். கண்ணைக் கொடுக்கிற ஜனங்களும் வைத்தியம் படித்தவர்கள் அல்ல. அவர்களுடைய கட்சியில்தான் நானும் நிற்கிறேன்.

மாமல்லபுரம் போகிற வழியில், நெம்மேலிக் குப்பத்தில், எனக்குப் பழக்கமான மீனவர் ஒருவர் இருக்கிறார். சென்ற வருஷம் அவருடைய தாயார் இறந்தபோது, உறவுக்காரர்கள் முணுமுணுத்ததையும் மீறி அந்த அம்மாளின் கண்களைக் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் ஆள் வந்தது. கால் மணியில் வேலை முடிந்தது. முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு தபாலில் ஒரு சான்றிதழ் வந்தது. தங்கள் குடும்பத்தின் தானத்தால் இருவர் ஒளி பெற்றனர் என்று அச்சடித்திருந்தது. பெயரை மட்டும் பேனாவால் நிரப்பியிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து அவர் என்னிடம் கேட்டார்: “யாருக்கு வச்சாங்கன்னு கேக்கலை சார். அது சொல்லக் கூடாதுன்னாங்க, சரிதான். வச்சாங்களா இல்லியா, அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்.”

நான் விசாரித்தேன். நாலு முறை டெலிபோன் செய்த பிறகு விவரம் கிடைத்தது. ஒரு கண்ணில் அணுக்கள் போதாது என்று ஒதுக்கிவிட்டார்கள். மற்றது நன்றாக இருந்தது, வரச் சொன்ன நோயாளி குறித்த நாளில் வரவில்லை, நாள் கடந்துபோயிற்று. இரண்டும் குப்பைக்குப் போயின. அந்த இடத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஏனென்றால் இது ஓர் இடத்தின் குற்றமல்ல.

இதை அவரிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை, சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “விக்காத மீனக் கூட நாங்க அப்படி வீசிட மாட்டோம் சார். உப்புல போட்டுக் கருவாடாக்குவோம். அதுக்கும் ஆவலைன்னா கோழித் தீவனத்துக்காவது போவும்” என்றார்.

அவர் சொன்னது வைத்திய சாஸ்திரத்துக்கு முழுக்க முழுக்கப் பொருந்துகிற வார்த்தை என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கண் தானம் என்று நாம் சொன்னாலும், பார்வைக்காக எடுத்து வைப்பது முழுக் கண்ணையல்ல. கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடிபோல் ஒரு தெளிந்த படலம் இருக்கிறது. டாக்டர்கள் அதைக் கார்னியா என்கிறார்கள். நாம் பேச்சு வழக்கில் கருவிழி என்கிறோம். நடுவில் அரை மில்லிமீட்டர் கனம். குறுக்களவு 11 அல்லது 12 மில்லிமீட்டர். அதில் ரத்தக் குழாய் கிடையாது. இந்தப் படலம் மங்கிவிட்டால் ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்கிறோம். பின்னால் இருக்கிற கண் முழுவதும் நன்றாக இருந்தும் மனிதன் குருடனாகிவிடுகிறான். ஜன்னல் கண்ணாடி அழுக்கானதற்காக வீடே இருண்டுபோன கதை.

இந்த அரை மில்லிமீட்டருக்குள்ளும் அடுக்குகள் இருக்கின்றன. பெரும்பகுதி நடுவில் இருக்கிற நாரடுக்கு. உள்பக்கத்தில் ஒரே வரிசையாக உயிரணுக்கள் பரவியிருக்கின்றன. இளவயதில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000. அவற்றின் வேலை தண்ணீர் இறைப்பது. கண்ணுக்குள் இருக்கும் நீர் படலத்தில் ஊறி அதை மங்கச் செய்யாதபடி இரவு பகலாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. பெரியவர்களுக்கு அந்த அணு செத்தால் செத்ததுதான், மறுபடி முளைப்பதில்லை. குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் இறைப்பு நின்றுபோகிறது. படலம் ஊதி வெளுத்துப்போகிறது.

அதே நெம்மேலியில் 2013 முதல் ஓர் ஆலை ஓடுகிறது. கடல்நீரை மெல்லிய சவ்வுகளின் வழியே அழுத்தி, உப்பை ஒதுக்கி, நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் கொடுக்கும் திறன் உள்ளது. போதவில்லை என்று 2024இல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று திறந்தார்கள். இவ்வளவு பாடுபட்டுச் செய்த தண்ணீரில் பாதியை வழியில் கொட்டிவிட்டு, ‘கடலே, இன்னும் கொடு’ என்று ஒரு அரசாங்கம் விளம்பரப் பலகை வைத்தால் நாம் சும்மா இருப்போமா? கண் விஷயத்தில் அதுதான் நடக்கிறது. நம் நாட்டில் தானமாக வருகிற கண்களில் ஏறத்தாழப் பாதிதான் மாற்று அறுவைக்குப் பயன்படுகிறது. உலக நிலைமையோ இன்னும் பரிதாபம். 116 நாடுகளின் 2012ஆம் வருஷக் கணக்கை ஆராய்ந்து 2016இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. 70 பேருக்குத் தேவையிருக்கிற இடத்தில் ஒரு கருவிழிதான் கிடைக்கிறது என்கிறது அது. எழுபதுக்கு ஒன்று! அதிலும் பாதியைக் கொட்டுகிற தேசத்துக்கு, ‘ஜனங்களுக்கு விழிப்புணர்ச்சி இல்லை’ என்று குறை சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது?

நியாயமாக ஒதுக்க வேண்டிய கண்களும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமி, வெறிநாய்க் கடி, ரத்தத்தில் நஞ்சு பரவியது போன்ற காரணங்களால் இறந்தவரின் கண்ணை வைக்கக் கூடாது. அந்தப் பரிசோதனையில் தள்ளுபடியாவதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மிச்சத்தைப் பற்றித்தான் என் வழக்கு.

முதல் விரயம், தவறான இடத்தில் கேட்பது. உறுதிமொழிச் சீட்டை எத்தனை லட்சம் சேர்த்தாலும், கையெழுத்துப் போட்டவர் எங்கே, எப்போது இறப்பார் என்று யாருக்குத் தெரியும்? இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். அப்போது சம்மதிக்க வேண்டியவர்கள் வீட்டார். அவர்களுக்குச் சீட்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. மரணம் நிச்சயமாக நிகழ்கிற இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் இருந்து, துக்கத்தில் இருப்பவர்களிடம் பக்குவமாகக் கேட்டால், இளவயதுக் கண்கள் கிடைக்கும், நோய் விவரம் கையோடு இருக்கும், நேரமும் வீணாகாது. ஹைதராபாத்தில் எல். வி. பிரசாத் கண் ஆஸ்பத்திரியினர் 1990 முதல் இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். கண்ணை எடுக்க டாக்டரே வர வேண்டும் என்ற பழைய தடையும் இல்லை. உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011இல் செய்த திருத்தம், பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் எடுக்கலாம் என்று வழிவிட்டிருக்கிறது. சட்டம் வழிவிட்டும் நாம் ஊர்வலத்தை விட்டபாடில்லை. ஊர்வலத்தில் படம் பிடிக்கலாம். பிணவறை வாசலில் காத்திருக்கிற ஆளை யார் படம் பிடிக்கிறார்கள்?

இரண்டாவது விரயம், நாள் கடத்துவது. 1974இல் மக்கேரி, காஃப்மன் என்ற இருவர் கண்டுபிடித்த திரவத்தில் கருவிழியை 4 நாள் குளிரில் வைத்திருக்கலாம். 14 நாள் காக்கிற திரவமும் பிற்பாடு வந்துவிட்டது. நம் மதுரையிலேயே ஆரோலாப் நிறுவனம் அதைத் தயாரிக்கிறது. ஓர் ஆஸ்பத்திரியின் நோயாளி வரவில்லையென்றால் அடுத்த ஆஸ்பத்திரியில் காத்திருக்கிறவனுக்கு அனுப்பப் பத்து நாள் போதாதா? ஆனால் ஒவ்வொரு கண் வங்கியும் தன் பெட்டியைத் தானே பூட்டிக்கொள்கிறது. பக்கத்து வீட்டில் பசித்திருக்க, நம் வீட்டில் சோறு ஊசிப்போகிறது.

மூன்றாவது விரயம்தான் என்னை மிகவும் உறுத்துவது. ஓரடுக்குக் கெட்டவனுக்கு முழுப் படலத்தையும் கொடுத்துவிடுவது.

இந்த வைத்தியத்தின் ஆரம்பத்தைக் கேளுங்கள். 1905 டிசம்பர் 7ஆம் தேதி, இன்றைய செக் நாட்டிலுள்ள ஓலமூட்ஸ் நகரில், எடுவார்ட் சிர்ம் என்ற டாக்டர் முதன்முதலாக ஒரு மனிதனின் கருவிழியை இன்னொரு மனிதனுக்கு வைத்து வெற்றி கண்டார். பெற்றுக்கொண்டவன் சுண்ணாம்பு பட்டு இரண்டு கண்ணும் வெந்துபோன ஒரு கூலிக்காரன். கொடுத்தவன், இரும்புத் துண்டு பாய்ந்து ஒரு கண்ணை எடுத்துவிட வேண்டியிருந்த பதினொரு வயதுப் பையன். அந்த ஒரே கண்ணின் படலத்திலிருந்து டாக்டர் இரண்டு வில்லைகள் வெட்டி, கூலிக்காரனின் இரண்டு கண்ணிலும் வைத்தார். ஒன்று கெட்டது, ஒன்று தெளிவாக நின்றது. அவன் வேலைக்குத் திரும்பினான். ஆக, இந்தச் சிகிச்சை பிறந்தபோதே சிக்கனத்தோடுதான் பிறந்தது! ஊதாரித்தனம் நாம் பிறகு கற்றுக்கொண்டது.

இன்றைக்கு அடுக்கடுக்காகப் பிரிக்கும் வித்தை வந்துவிட்டது. கண்புரை அறுவைக்குப் பிறகு உள்பக்கத்து அணுக்கள் தேய்ந்துபோனவனுக்கு உள்ளடுக்கு மட்டும் போதும். நெதர்லாந்தின் டாக்டர் மெல்லஸ் அந்த வழியைத் திறந்தார். முன்பக்கத்தில் தழும்பு விழுந்து, உள்பக்கம் நன்றாக இருப்பவனுக்கு முன்னடுக்கு மட்டும் போதும். அவனுடைய சொந்த அணுக்கள் அவனிடமே தங்குவதால் உடம்பு அவற்றை எதிர்க்கிற ஆபத்தும் இல்லை. டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் ரசிக் வாஜ்பாயும் அவருடைய சகாக்களும் ஒரே கருவிழியின் முன்னடுக்கை ஒருவருக்கும், உள்ளடுக்கை ஒருவருக்கும், சுற்று விளிம்பை ஒருவருக்குமாக மூன்று பேருக்கு வைத்ததை 2007இல் பிரசுரித்தார்கள். சென்னை டாக்டர் அமர் அகர்வால் 2014இல் தம் சகாக்களோடு வெளியிட்ட இன்னொரு முறை, சுருண்டுகொள்ளும் என்று ஒதுக்கிவந்த மிக இளவயதுத் திசுவையும் உள்ளடுக்குக்குப் பயன்படுத்த வழி செய்தது. ஜப்பானில் டாக்டர் கினோஷிதாவின் குழு, உள்ளடுக்கு அணுக்களைச் சோதனைச் சாலையில் பெருக்கி, ஊசியால் 11 பேருடைய கண்ணில் செலுத்தி நலம் கண்டதை 2018இல் அறிவித்தது. ஒரு கொடையாளியின் அணுக்கள் பலருக்குப் போகிற காலம் வந்துகொண்டிருக்கிறது.

இப்போது அந்த மீனவரின் கேள்விக்கு வருவோம். அணுக்கள் போதாது என்று ஒதுக்கிய கண் உள்ளடுக்குக்குத்தான் உதவாது. முன்னடுக்கு வைத்தியத்துக்கு அந்த அணுக்களே தேவையில்லையே! அதற்கும் ஆள் இல்லையென்றால், கிளிசரினில் போட்டு மாதக் கணக்கில் வைத்திருக்கலாம். புண் முற்றி ஓட்டை விழுந்த கண்ணோடு ஒருவன் நடுராத்திரியில் ஓடிவந்தால், ஓட்டையை அடைத்துக் கண்ணைக் காப்பாற்ற அது போதும். கருவாடு என்று அவர் சொன்னது இதைத்தான். அதற்கும் ஆகாத திசுவில் இளம் டாக்டர்கள் கை பழகலாம். கையில் இத்தனை வழிகள் இருந்தும் குப்பைக் கூடை ஒன்றுதான் பல இடங்களில் தெரிகிறது.

‘பங்கு போட்டு இரண்டையும் கெடுத்துவிட்டால் என்ன செய்வது?’ என்பார்கள். நியாயமான பயம்தான். எல்லாக் கருவிழியையும் எல்லோரும் பிரிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கை தேர்ந்த சில இடங்களில், கண் வங்கியிலேயே பிரித்துத் தயாராக அனுப்பும் வழக்கம் உலகில் இருக்கிறது, அதைப் பரப்புங்கள். மாமல்லபுரத்துச் சிற்பி ஒரே பாறையைக் கூறு கண்டு தேர்களாகக் குடைந்தான். தவறினால் மாற்றுக்கு வேறு பாறை இல்லை என்பது அவனுக்கும் தெரியும். அதற்காக அவன் உளியைக் கீழே போடவில்லை, பழகினான். ‘இரண்டு நோயாளிகள் ஒரே சமயத்தில் வேண்டுமே?’ என்பது அடுத்த ஆட்சேபம். ஜில்லாவுக்கு ஒரு பொதுப் பட்டியல் இருந்து, இன்னாருக்கு முன்னடுக்கு, இன்னாருக்கு உள்ளடுக்கு என்று எழுதியிருந்தால், பதினாலு நாளில் இருவரைக் கூப்பிட முடியாதா? ரயிலில் படுக்கைக்குக் காத்திருப்போர் பட்டியல் வைத்து விடிவதற்குள் ஒழுங்கு செய்கிற தேசம் இது.

நாலாவது விரயம், வைத்த பிறகு கைவிடுவது. மாற்றிய கருவிழி செடி நட்ட மாதிரி, நட்டதோடு தீராது. மாதக் கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டும். கண் சிவந்தாலோ மங்கினாலோ உடனே ஓடி வர வேண்டும். நெம்மேலியிலிருந்து எழும்பூர் போய்த் திரும்பினால் ஒரு நாள் கூலி போயிற்று. துணைக்கு வருகிறவருக்கும் போயிற்று. இரண்டாவது மாதம் மருந்து நின்றுவிடும். ஆறாவது மாதம் கண் மறுபடி வெளுத்துவிடும். ‘நோயாளியின் அலட்சியம்’ என்று கேஸ் கட்டில் எழுதிவிட்டு அவனை மறுபடி காத்திருப்போர் வரிசையில் நிறுத்துகிறோம். பஸ் சார்ஜும் மருந்தும் கொடுத்திருந்தால் ஒரு கருவிழி மிச்சமாகியிருக்கும். எது மலிவு?

ஐந்தாவது விரயம், கண் கெடும்வரை பார்த்துக்கொண்டிருப்பது. இந்தச் செங்கல்பட்டுச் சீமையில் கண் எப்படிக் கெடுகிறது? அறுப்பில் நெல் தாள் கீறுகிறது. சவுக்குத் தோப்பில் மிலார் குத்துகிறது. கல் கொத்துகிறவனுக்குச் சில்லுத் தெறிக்கிறது. தாய்ப்பால் பீச்சுகிறார்கள், நந்தியாவட்டைப் பூவை ஒற்றுகிறார்கள், மருந்துக் கடைக்காரர் கையில் கிடைத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் கொடுத்தனுப்புகிறார். காளான் பிடித்த புண்ணுக்கு அது நெருப்பில் நெய். நேபாளத்தில் பக்தபூர் என்ற ஜில்லாவில், கிராமத்து ஊழியர்களிடம் குளோராம்ஃபெனிகால் களிம்பைக் கொடுத்து, கண்ணில் கீறல் பட்டவர்களுக்கு மூன்று நாள் போடச் சொன்னார்கள். 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வைக்கவில்லை என்று 2001இல் அறிவித்தார்கள். சில ரூபாய்க் களிம்பு! ஒவ்வொரு ஊர் நர்ஸம்மாவிடமும் அது இருந்தால், நாளைக்கு எத்தனை பேர் யாருடைய கண்ணுக்கும் காத்திருக்க வேண்டியிராது!

‘இதையெல்லாம் வெளியே சொன்னால் கொடுக்கிறவனும் கொடுக்காமல் போய்விடுவான்’ என்று சிலர் என் காதைக் கடிக்கிறார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. ஜனங்கள் ஏமாற்றப்பட்டால்தான் கைமூடுவார்கள். உண்மை சொன்னால் மூடமாட்டார்கள். பக்கத்து இலங்கையில் டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் கண் தான சங்கம் தொடங்கினார். 1964இல் அங்கிருந்து வெளிநாட்டுக்கு முதல் கண்கள் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு அந்தச் சிறு தீவு எத்தனையோ தேசங்களுக்குக் கண் கொடுத்திருக்கிறது. கொடுத்த கண் எங்கேயோ ஒருவனுக்குப் பயன்படுகிறது என்று ஜனங்கள் நம்பினார்கள். நம்பும்படி காரியம் நடந்தது. நமக்கும் பெருமை குறைவில்லை. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945இலேயே சென்னை எழும்பூரில், டாக்டர் முத்தையாவின் முயற்சியால் ஆரம்பமாயிற்று. எண்பது வருஷமாகக் கடை நடத்துகிறோம்; இன்னும் பேரேடு எழுதத் தொடங்கவில்லை என்றால் அதற்குப் பெயர் என்ன?

கண்ணப்பர் கதை நமக்குத் தெரியும். ஒரு கண்ணை இடந்து அப்பினார், ரத்தம் நின்றது. இரண்டாவது கண்ணுக்கு அம்பை எடுத்தபோது காளத்தியப்பன் கையைப் பிடித்துக்கொண்டான். கொடுப்பவனின் பக்தியை மெச்சும்போது இந்தக் கடைசி வரியை நாம் மறந்துவிடுகிறோம். வாங்குகிறவனுக்கு அளவு தெரிந்திருந்தது. கொடுத்த கண் அந்தக் கணமே வேலை செய்தது. தேவைக்கு மேல் ஒன்றை அவன் வாங்கவும் இல்லை.

நான் கேட்பது புது ஆஸ்பத்திரியோ புது யந்திரமோ அல்ல. ஒவ்வொரு கண் வங்கியும் வருஷத்துக்கு ஒரு முறை, வாசலில் எல்லோரும் படிக்கிற மாதிரி, ஒரு கரும்பலகையில் நாலு வரி எழுதட்டும். வந்த கண்கள் எத்தனை, வைத்தது எத்தனை, வைக்காதது ஏன், வைத்ததில் ஒரு வருஷத்துக்குப் பிறகும் பார்ப்பவை எத்தனை. கொடுத்த வீட்டாருக்குப் போகிற காகிதத்தில், நடந்தது எதுவோ அதை எழுதட்டும். பார்வைக்கு ஆகவில்லை, பயிற்சிக்குப் பயன்பட்டது என்றால் அதையே எழுதட்டும். அதைப் படித்து எவரும் வருத்தப்பட மாட்டார்கள். அச்சடித்த பொய்யைப் படித்துச் சந்தோஷப்படுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அந்த நாலு வரியை எழுதத் தயாராக இல்லாதவர்கள், தயவுசெய்து பிள்ளைகளின் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டி வெயிலில் நடக்கவிட வேண்டாம். முதலில் அவிழ்க்க வேண்டிய கட்டு அவர்கள் கண்ணில் இருக்கிறது.